நீர்தான் தாழ்ப்பாள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஹோம் ஃபென் என்றொரு சதுப்புக் காடு இருக்கிறது. 1851-இல் அதையொட்டிய விட்டில்சீ ஏரியை வடித்து விளைநிலமாக்கினார்கள். நீர் போனால் நிலம் தாழும் என்று முன்பே ஊகித்தவர்கள், ஓர் இரும்புத் தூணை அடியிலுள்ள களிமண்வரை இறக்கி, அதன் உச்சி தரையோடு தரையாக இருக்கும்படி நட்டுவைத்தார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஈரம் வற்றியதால் மண் அமுங்கியது ஒரு பங்கு. மற்றது கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் கலந்துவிட்டது.

அந்த மண்ணின் பெயர் பீட். முற்றா நிலக்கரி என்றும் சொல்வார்கள். ஸ்பேக்னம் பாசி, கோரை, வேர், மரத்துண்டு எல்லாம் நீருக்கடியில் பாதி மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகப் படிந்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். நான்கு மீட்டர் என்பது நாலாயிரம் ஆண்டுச் சேமிப்பு. உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் 3 சதவீதம் மட்டுமே. ஆனால் அவற்றில் அடங்கியிருக்கும் கார்பன் 50,000 கோடி டன்னுக்கும் அதிகம். உலகத்துக் காடுகளில் நிற்கும் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிடக் கூடுதல்.

இத்தனை தாவரப் பொருளும் ஏன் மட்காமல் கிடக்கிறது? குளிர், அமிலத்தன்மை, ஆக்சிஜன் இல்லாமை என்பதுதான் வழக்கமான பதில். பதில் சரிதான், ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. நுண்ணுயிரிகளால் செல்லுலோஸை அப்படியே உண்ண முடியாது. நொதிகளை வெளியே சுரந்து, அந்த நீண்ட சங்கிலியைச் சர்க்கரைத் துண்டுகளாக நறுக்கிய பிறகே உள்ளே இழுத்துக்கொள்ளும். நறுக்கும் வேலையைச் செய்யும் ஹைட்ரோலேஸ் நொதிகளுக்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. அப்படியிருந்தும் சதுப்பில் அவை முடங்கிக் கிடக்கின்றன.

வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரீமனும் சகாக்களும் 2001-இல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விடை சொன்னார்கள். தாவரங்கள் அழுகும்போது டேனின் போன்ற ஃபீனால் சேர்மங்கள் வெளிவருகின்றன. ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிடுவது இதே டேனினை நம்பித்தான். அது தோலின் புரதத்தைக் கவ்விக்கொண்டால் பிறகு தோல் அழுகாது. நொதிகளும் புரதங்களே என்பதால் ஃபீனால்கள் அவற்றையும் கவ்வி முடக்கிவிடுகின்றன. ஃபீனால்களைச் சிதைத்து அகற்றக்கூடிய நொதி ஒன்று உண்டு: ஃபீனால் ஆக்சிடேஸ். அதற்கு மட்டும் ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். நீர் நிறைந்த சதுப்பில் ஆக்சிஜன் நுழைவதில்லை. எனவே ஃபீனால் ஆக்சிடேஸ் இயங்காது, ஃபீனால்கள் தேங்கும், ஹைட்ரோலேஸ்கள் முடங்கும், கார்பன் மண்ணிலேயே தங்கும். இதற்கு ‘நொதித் தாழ்ப்பாள்’ என்று பெயர் வைத்தார்கள். பல ஆயிரம் கோடி டன் கார்பன் இருக்கும் அறைக்கு ஒற்றை நொதியே தாழ்ப்பாள் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிடக் கவலைதான் அதிகம் வந்தது.

கவலைக்குக் காரணம் உண்டு. நீர்மட்டம் இறங்கிக் காற்று புகுந்தால் ஃபீனால் ஆக்சிடேஸ் விழித்துக்கொள்கிறது. தடையாக இருந்த ஃபீனால்கள் குறைகின்றன. மழை திரும்பி, சதுப்பு மறுபடி நிறைந்தாலும், முன்பிருந்த நிலை உடனே திரும்புவதில்லை. வறட்சியில் பெருகிய நுண்ணுயிரிகளும் அவற்றுக்குக் கிடைத்த ஊட்டமும் நீருக்கடியிலும் சிதைவைத் தொடர வைக்கின்றன. பேங்கர் குழுவினரே இதை 2011-இல் காட்டினார்கள்.

நொதித் தாழ்ப்பாள் கருத்து அழகானது. ஆனால் முழு உண்மை அது அல்ல. நாம் உண்ணும் பழத்திலும் தேநீரிலும் இருக்கும் பாலிஃபீனால்களை நம் குடல் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனே இல்லாத இடத்தில் உடைக்கின்றன. குடலில் நடப்பது சேற்றில் மட்டும் ஏன் நடக்காது? அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆக்சிஜன் இல்லாத ஈரநில மண்ணில் டேனினைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்தன. இது 2021-இல் வெளிவந்தது. பிறகு ஸ்வீடனின் வடகோடியில், உறைமண் உருகிவரும் ஸ்டோர்டாலன் சதுப்பிலும், பாலிஃபீனால்களைச் சிதைக்கும் மரபணுக்கள் பல வகை நுண்ணுயிரிகளில் இயங்குவதைக் கண்டார்கள். ஃபீனால்கள் தொடவே முடியாத பூட்டு அல்ல. இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் காற்று புகும்போது, இரும்பு ஆக்சைடாகி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைப் பற்றிக்கொண்டு காப்பதும் உண்டு. ஃபீனால்களைச் சதுப்பில் சேர்த்துத் தாழ்ப்பாளை இறுக்கலாம் என்ற யோசனையும் எழுந்திருக்கிறது. பாக்டீரியாக்களின் திறமையைப் பார்த்தபின் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கருத்துகள் மாறினாலும் மாறாமல் நிற்பது ஒன்றுதான்: நீர் இருக்கும் இடத்தில் கார்பன் தங்குகிறது. நீரைத் திருப்பிவிட்டால் மீத்தேன் எழும் என்பது மெய். ஆனால் மீத்தேன் சில பத்தாண்டுகளில் காற்றிலிருந்து அகன்றுவிடும், கார்பன் டை ஆக்சைடோ சேர்ந்துகொண்டே போகும். ஆகவே வடித்த சதுப்பை வடித்தபடியே விடுவதுதான் பெருங்கேடு.

எவ்வளவு பெரிய கேடு என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. 1996-இல் போர்னியோ தீவின் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கப் புறப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை. அடுத்த ஆண்டு எல் நினோ வறட்சியில் காய்ந்த பீட் மண் மாதக்கணக்கில் எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியத் தீயில் வெளியேறிய கார்பன் 81 கோடி முதல் 257 கோடி டன்வரை என்று கணக்கிட்டார்கள். வெட்டிய கால்வாய்களுக்கு இப்போது அணை போட்டு அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கும் பீட் உண்டு. நீலகிரியின் சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே பள்ளங்களில் படிந்திருக்கும் கரிய சேறு அதுதான். அதன் கார்பன் ஐசோடோப்புகளை வைத்து, 20,000 ஆண்டுகளில் தென்னிந்தியப் பருவமழை எப்படி ஏறி இறங்கியது என்று ஆர். சுகுமாரும் சகாக்களும் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல் ஒன்று இந்த மலைச் சதுப்புகளில்தான் விளைகிறது. அங்கே ஒரு பள்ளத்தில் வடிகால் வெட்டினால், இத்தனை ஆயிரம் ஆண்டு மழைக்கணக்கும் சேர்ந்தே அழியும்.

ஃபீனால் ஆக்சிடேஸின் வேலையைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. கயிற்றுத் தொழிலில் மிஞ்சும் தென்னை நார்க்கழிவு லிக்னினும் டேனினும் நிறைந்தது, மலையாகக் குவிந்தாலும் எளிதில் மட்காது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உழவர்களுக்குச் சொல்லித்தரும் முறையில், சிப்பிக் காளான் வித்தையும் யூரியாவையும் சேர்த்து அதை மட்க வைப்பார்கள். காளான் சுரக்கும் லாக்கேஸ், ஃபீனால் ஆக்சிடேஸ் இனத்தைச் சேர்ந்த நொதி.

அதே நார்க்கழிவுதான் பொள்ளாச்சியிலிருந்து கட்டியாக அழுத்தப்பட்டு, கோகோபீட் என்ற பெயரில் பல நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அங்கே சதுப்பைத் தோண்டி எடுக்கும் பீட்டுக்கு அது மாற்று. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாற்றுக் கடையில் ‘பீட் மாஸ்’ என்று அச்சிட்ட இறக்குமதிப் பை கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். நம் ஊர்க் கோகோபீட்டையே கேட்டு வாங்குங்கள்.