கண்ணுக்குத் தெரியாத கல்நார்

முடியாத காரியத்தைக் கல்லில் நார் உரிப்பது என்பார்கள். ஆனால், உண்மையிலேயே நார் நாராகப் பிரியும் கல் ஒன்று உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்தான் அது. தீயில் எரியாது; வெப்பத்தை எளிதில் கடத்தாது; விலையும் மலிவு. ஆகவே 20-ஆம் நூற்றாண்டில் கட்டடங்களில் தாராளமாகப் பயன்பட்டது.

பாரிஸ் நகரின் ஜூசியூ பல்கலைக்கழக வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 1960-களில் கட்டத் தொடங்கிய இதன் எஃகுச் சட்டங்கள் தீ விபத்தில் வலுவிழந்துவிடாதிருக்க, அவற்றின்மேல் கல்நாரைப் பஞ்சுபோல் தெளித்துப் பூசினர். நாளடைவில் பூச்சு உதிரலாயிற்று. 1970-களின் நடுவில், அங்கு பணியாற்றிய ஆன்ரி பெசரா முதலிய ஆய்வாளர்கள் இதன் ஆபத்தை எடுத்துரைத்துப் போராடினர்.

அறைக் காற்று தெளிவாகத்தானே தெரிகிறது, பிறகு என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா? நமது தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்.) கல்நார் இழைகள் பலவும் ஒரு மைக்ரானைவிட மெல்லியவை. ஒரு மைக்ரான் விட்டமுள்ள கல் துகள், அசைவற்ற காற்றில் 3 மீட்டர் இறங்க ஏறக்குறைய 11 மணி நேரமாகும். யாராவது நடந்தாலோ, மின்விசிறி சுழன்றாலோ மீண்டும் மேலெழும். நுரையீரலுக்குள் ஆழமாகச் சென்ற இழைகளை உடலால் எளிதில் வெளியேற்ற முடியாது. இவற்றால் விளையும் புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது.

சரி, கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? சிறு பம்பின் மூலம் குறிப்பிட்ட அளவு காற்றை நுண்துளைகள் கொண்ட வடிதாள் வழியே இழுக்கிறார்கள். அதில் தங்கிய இழைகளை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுகிறார்கள். நீளம் 5 மைக்ரானுக்கு மேலாகவும், அகலம் 3 மைக்ரானுக்குக் குறைவாகவும், நீளம் அகலத்தைப்போல் மும்மடங்காவது உள்ளதாகவும் இருப்பதே கணக்கில் சேரும். ஆனால், ஒளி நுண்ணோக்கிக்கு மிக மெல்லிய இழைகள் புலப்படா. பருத்தி இழையையும் கல்நாரையும் அது பிரித்தறிவதும் கடினம். எனவே, கட்டடங்களைச் சோதிக்கப் பிரான்சில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பயன்படுத்துகின்றனர். லிட்டருக்கு 5 இழைகளைத் தாண்டினால், கல்நாரை அகற்றவோ மூடி அடைக்கவோ வேண்டும் என்பது அங்குள்ள விதி.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. அளவீடு சொல்வது அன்றைய காற்றின் நிலையை மட்டுமே. அமைதியான விடுமுறை நாளில் குறைவாக இருந்த எண்ணிக்கை, மறுநாள் மின்பணியாளர் கூரையில் துளையிடும்போது பன்மடங்காகலாம். ஆதலால் காற்றைச் சோதிப்பதுடன் பூச்சின் நிலையையும் அவ்வப்போது பார்வையிட வேண்டும்.

பிரான்ஸ் 1997-இல் கல்நாரைத் தடை செய்தது. ஜூசியூவில் 1990-களில் தொடங்கிய அகற்றும் பணியும் புதுப்பிக்கும் பணியும் 2016-இல்தான் நிறைவுற்றன. பூசுவது எளிது, அகற்றுவதோ ஒரு தலைமுறை வேலை!

நமது ஊர்க் கூரைகளில் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இழைகள் சிமெண்டுடன் இறுகியிருக்கின்றன. தெளித்த பூச்சைப்போல் எளிதில் உதிர்வதில்லை. எனினும் அறுத்தாலும், துளையிட்டாலும், உடைத்தாலும் அவை விடுபடும். பழைய ஷீட்டை நீங்களாக அறுக்காதீர்கள். உடைந்த துண்டுகளை நனைத்த பிறகே எடுங்கள். உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.