மூணு வந்தால் எல்லாம் வரும்!

ரஃப் நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு இதைப் படிங்க.

ஒரு விதி சொல்றேன். எண் 2 அல்லது அதற்குக் கீழே என்றால் 1 கூட்டணும். 2-க்கு மேலே என்றால் அதை இரட்டித்து 7-லிருந்து கழிக்கணும். 1-ல் ஆரம்பிங்க. 1, 2, 3, மறுபடி 1. ராட்டினம் மாதிரி மூணு படியில் திரும்பி வந்திருச்சு! "இந்த விதியில் மூணு படிச் சுற்று மட்டும்தான் இருக்கு" என்று பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் அடிச்சுச் சொன்னேன். பந்தயம் ஒரு கடலை மிட்டாய். தோத்துட்டேன்.

முழு எண்களுக்கு நடுவில் பின்னங்கள் இருப்பதை நான் மறந்துட்டேன். 5/3 போட்டால் 8/3 வரும், அடுத்து மறுபடி 5/3. ரெண்டு படி. 13/9 போட்டால் 22/9, 19/9, 25/9, திரும்ப 13/9. நாலு படி. 19/15-க்கு அஞ்சு படி, நீங்களே போட்டுப் பாருங்க. 7/3 நகரவே நகராது.

ஏன் இப்படி? 2 என்பது 3-க்கு ஏறுது. 3 என்பது 1-க்கு இறங்குது. அப்போ இரண்டுக்கும் நடுவில் ஏறாமலும் இறங்காமலும் ஒரு எண் நின்றே ஆகணும் இல்லையா? அதுதான் 7/3. இதே யோசனையைப் பல படிகளைச் சேர்த்து வச்சுச் செய்தால் மற்ற சுற்றுகளும் கிடைக்கும்.

எண்கோட்டை அறுக்காமல் நகர்த்துகிற எந்த விதியானாலும், மூணு படிச் சுற்று ஒண்ணு இருந்தால் எல்லாப் படிச் சுற்றும் கட்டாயம் இருக்கும். அஞ்சு இருந்தால் மூணு தவிர மற்றதெல்லாம் இருக்கும். ரெண்டு இருந்தால் ஒண்ணு மட்டும்தான் உறுதி. எது இருந்தால் எது வரும் என்று முழு வரிசையும் போட்டவர் உக்ரைன் நாட்டு ஷார்கோவ்ஸ்கி, 1964-ல். அவர் எழுதியது ரஷ்ய மொழியில். 1975-ல் அமெரிக்காவில் லீ, யார்க் என்ற இருவர் அது தெரியாமலேயே மூணின் சங்கதியைத் தனியாகக் கண்டுபிடிச்சாங்க. தமிழில் கணக்குப் படிக்கிற எனக்கு இதைக் கேட்டதும் சுருக்குன்னு இருந்தது. எந்தச் சுற்றிலும் சேராமல் அலைகிற எண்களும் எண்ணி முடியாத அளவுக்கு இருக்கு என்பதையும் அந்த இருவரும் காட்டினாங்க.

'அறுக்காமல்' என்ற சொல்லை லேசா விட்டுடாதீங்க. நாசிக் பக்கம் தேவலாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் கப்ரேகர். 6174 என்ற எண்ணின் விந்தையை 1949-ல் சென்னைக் கணித மாநாட்டில் சொன்னவர் அவர்தான். அவர் முறைப்படி, வேறு வேறு இலக்கம் உள்ள ஈரிலக்க எண் ஒண்ணை எடுத்து, இலக்கங்களைத் திருப்பிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழிச்சுக்கிட்டே போங்க. 81, 63, 27, 45, 09, மறுபடி 81. அஞ்சு படி! ஆனா நாலு படிச் சுற்று தேடினாலும் கிடைக்காது. இங்கே எண்கள் தவளை மாதிரி தாவுது, நடுவில் நிற்க பின்னமே கிடையாது.

நம்ம முதல் விதியில் ஆறு படிச் சுற்றும் இருக்கு. பின்னத்தின் பகுதி 11. தொகுதியைக் கண்டுபிடிச்சு இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் எழுதுங்க.