என்புகள் கூறும் வேட்டை வரலாறு

பேராதனை வளாகத்திலும் கண்டி உடவத்தகெலைக் காட்டிலும் குரங்குக் கூட்டங்களைக் காண்பது நமக்குப் பழகிப்போன காட்சியாகும். மலைநாட்டின் தென்மேற்குச் சரிவுகளில் வாழ்ந்த ஆதி மனிதரின் முக்கிய வேட்டைப் பொருள் குரங்கே என்பதைக் குகை மண்ணிற் கிடைத்த என்புத் துண்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

கித்துல்கலையிலுள்ள பெலிலென, குருவிட்டவிலுள்ள பட்டதொம்பலென, புளத்சிங்களவை அடுத்த பாஹியன் குகை ஆகியன இவ்வகையில் முதன்மையானவை. இக்குகைகளின் காலவரன்முறையை அகழ்வுகள் நிலைநிறுத்தின. பாஹியன் குகையின் 14,000க்கு மேற்பட்ட என்பு, பல் துண்டுகளை ஆராய்ந்த ஒஷான் வெடகே குழுவினர், 2019இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு குரங்கும் மலை அணிலும் திட்டமிட்டு வேட்டையாடப்பட்டன என்பது அவர்தம் முடிபு. அடர்ந்த மழைக்காடு ஆதி மனிதருக்குத் தடையாகவே இருந்தது என்ற பழைய கருத்து இதனால் வலுவிழந்தது.

குகையிற் கிடக்கும் என்பெல்லாம் வேட்டையின் எச்சமென்று கொள்ளல் எங்ஙனம்? சிறுத்தையோ முள்ளம்பன்றியோ அவற்றைக் கொணர்ந்திருக்கலாமே! எனவே ஆய்வாளர் முதலில் தடயங்களை நோக்குகின்றனர். கல்லலகின் வெட்டுக்கோடு வேறு, விலங்கின் பற்குறி வேறு. தீயிற் கருகிய என்பு அடுப்பங்கரையைச் சுட்டுவது. அடுத்து, பற்தேய்வும் என்பு முனைகளின் பொருத்தும் விலங்கின் வயதைக் காட்டுகின்றன. பாஹியன் குகையில் வளர்ந்த விலங்குகளே மிகுதி. கைக்கெட்டியதைப் பிடித்தவரல்லர், தேர்ந்து கொன்றவர் என்பது இதனாற் பெறப்படும்.

மறைந்துபோன உயிரினங்களை அறிய என்பு எவ்வாறு உதவுமோ, அவ்வாறே மறைந்துபோன பொருளாதார அமைப்புகளை அறிய உழைப்புக் கருவிகள் உதவும் என மார்க்ஸ் ‘மூலதன’த்திற் கூறியுள்ளார். பாஹியன் குகையில் அவ்வுவமையின் இரு பக்கங்களும் ஒரே பொருளில் இணைகின்றன. அங்கு குரங்கின் என்பே கூராகத் தீட்டப்பட்டு ஆயுதமாயிற்று. அக்கூர்களுட் சில அம்பு முனைகளாகப் பயன்பட்டன என மிஷெல் லாங்லி முதலியோர் 2020இல் எடுத்துக்காட்டினர். உயர்ந்த கிளைகளில் விரைந்து பாயும் விலங்கை வெறுங்கையாற் பிடித்தல் அரிது. அத்தேவையே கருவியை வேண்டிற்று. வேட்டையின் விளைபொருளே அடுத்த வேட்டைக்கு உற்பத்திச் சாதனமாயிற்று.

எனினும் நாமும் ஓர் எச்சரிக்கையைக் கைக்கொள்ளல் வேண்டும். கொன்ற விலங்கின் இறைச்சி எவ்வாறு பகிரப்பட்டது என்பதை இவ்வென்புகள் நேரடியாகக் கூறுவதில்லை. ‘ஆதிப் பொதுவுடைமை’ என்ற முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு அதற்குச் சான்று தேடுவது பொருள்முதல்வாதமாகாது. சான்றிலிருந்தே கோட்பாட்டுக்குச் செல்லல் வேண்டும்.

இந்நாட்டில் முதலில் வந்தவர் யாவர் என்ற வினா இன முரண்பாட்டிற்குப் படைக்கலமாக்கப்பட்டு வந்துள்ளது. இக்குகைவாசிகளோ சிங்களமும் தமிழும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்டவர். அவர்தம் என்புக் குவியல் எவருக்கும் காணி உறுதியன்று. மனித உழைப்பு இம்மழைக்காட்டில் தன் வழியை வகுத்துக்கொண்ட வரலாற்றுக்கே அது சான்றாகும்; அவ்வரலாறு நம் அனைவருக்கும் பொதுவானது.