சொற்பகுப்பு வழிச் சொல்வளக் கல்வி

சொற்பகுப்பு வழிச் சொல்வளக் கல்வி என்பது ஒரு சொல்லை வேர், முன்னொட்டு, பின்னொட்டு முதலிய கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளின் பொருளைக் கொண்டு அதனோடு தொடர்புடைய பிற சொற்களையும் மாணவர் அறியுமாறு கற்பிக்கும் முறையாகும். ஆங்கிலக் கல்வியில் இலத்தீன், கிரேக்க வேர்களைக் கொண்டு இம்முறை கையாளப்படுகிறது. தமிழில் இதற்கு நெருக்கமானது பகுபத உறுப்பிலக்கணம். எனினும் பள்ளிகளில் அது பெரும்பாலும் தேர்வு வினாவாகவே பயிலப்படுகிறது.

தமிழ் இலக்கணத்தில்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பதவியல், பிரிக்கத்தக்க சொல்லைப் பகுபதம் என்றும் பிரிக்க இயலாததைப் பகாப்பதம் என்றும் வகுக்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் ஆகிய ஆறும் பகுபத உறுப்புகள். "வந்தனர்" என்னும் சொல்லில் இவ்வாறும் உள்ளன. இதில் வா என்பது பகுதி. அது வ எனக் குறுகியது விகாரம். அடுத்துள்ள த் சந்தி. அது ந் ஆனதும் விகாரமே. இரண்டாவது த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அர் பலர்பால் விகுதி. இதை அறிந்த மாணவர் "தந்தனர்" என்பதைத் தாமே பிரிப்பார்.

தமிழ் பின்னொட்டுகளை அடுக்கும் மொழி. முன்னொட்டுகள் அரிது, அநீதி, அநியாயம் போன்றவற்றில் உள்ள எதிர்மறை முன்னொட்டு வடமொழியது.

கலைச்சொற்களில்

இம்முறை மிகுதியாகப் பயன்படும் இடம் கலைச்சொற்களே. தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி ஆகியவற்றில் "தொலை" முன்னொட்டுப் போலவே இயங்குகிறது. நுண்ணோக்கியையும் வெப்பமானியையும் அறிந்தவர், நுண்ணுயிரி, மழைமானி என்பவற்றின் பொருளை அகராதி இன்றியே ஊகிக்கலாம்.

தமிழ்வழியில் பயின்று பொறியியல் கல்லூரியில் சேரும் மாணவருக்கு இதன் தேவை மிகுதி. பாடம் தெரிந்திருந்தும் சொல் தெரியாமல் தடுமாறும் நிலை அவர்களுக்கு ஏற்படுகிறது. எண்ணூரில் 2017 வரை இயங்கிய அனல் மின் நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள "தெர்மல்", வெப்பம் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து வந்தது. அவ்வேரை அறிந்தால் தெர்மோமீட்டர் வெப்பமானி என்பதும், தெர்மோடைனமிக்சு வெப்ப இயக்கவியல் என்பதும் விளங்கும். தமிழ்ச் சொல் இங்கு ஆங்கிலச் சொல்லுக்கு உரையாகவே அமைகிறது.

எண்ணூர் வட்டாரச் சொற்கள்

மாணவர் அன்றாடம் கேட்கும் சொற்களிலிருந்து தொடங்குவது எளிது. கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்ப் பகுதியில் துறைமுகம், கழிமுகம், முகத்துவாரம் ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. மூன்றிலும் "முகம்" உண்டு. இதில் முகத்துவாரம் என்பதை முகத்து + வாரம் எனப் பிரிப்பது பிழை. முகம் + துவாரம் என்பதே சரி. மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தது. துவாரம் என்பது வாயில் என்னும் பொருளுடைய வடசொல்.

எண்ணெய் என்பது எள் + நெய். பின்னர் இச்சொல் பொருள் விரிந்து, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என வழங்கலாயிற்று. 2017 சனவரியில் காமராசர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதியதால் கடலில் கலந்ததும் எண்ணெயே. அதற்கும் எள்ளுக்கும் தொடர்பில்லை.

எல்லைகள்

வேர்ப்பொருள் எப்போதும் இன்றைய பொருள் ஆகாது. ஆக்சிசன் என்னும் பெயருக்கு "அமிலத்தை உண்டாக்குவது" என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அவ்வளிமம் உண்டு எனக் கருதி இலவாசியே அப்பெயரை இட்டார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிசன் இல்லை எனப் பின்னர் அறியப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது.

ஊர்ப்பெயர்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எண்ணூர் என்பதை எண் + ஊர் எனப் பிரிக்கலாம். தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வரும்போது இரட்டும் என்னும் புணர்ச்சி விதிக்கும் அது பொருந்தும். ஆனால் "எண்" எட்டு ஊர்களைக் குறிக்கிறதா என்பதைப் புணர்ச்சி விதி சொல்லாது. அதற்குக் கல்வெட்டு, பழைய ஆவணம் முதலிய சான்றுகளைத் தேடவேண்டும்.