சூஃப்ளேயை ஊதுவது யார்?

பிரெஞ்சில் ‘சூஃப்ளே’ என்றால் ஊதப்பட்டது என்று பொருள். அந்தச் சொல் சமையலறையோடு நிற்கவில்லை. இதயத்தில் ரத்தம் பாயும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் வழக்கத்துக்கு மாறான இரைச்சலை, அதே வேரிலிருந்து வந்த ‘சூஃப்ல்’ என்ற சொல்லால்தான் பிரெஞ்சு மருத்துவர்கள் குறிக்கிறார்கள். சீனத்தில் காங்ஷி பேரரசர் காலத்துப் (1662–1722) பீங்கான் ஜாடிகள் சிலவற்றில் நீலம் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். தூரிகையால் வந்த நிறமல்ல அது. மூங்கில் குழாயின் நுனியில் மெல்லிய துணியைக் கட்டி, சாயப்பொடியை வாயால் ஊதி ஏற்றியது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கும் சூஃப்ளே நீலம் என்று பெயர் வைத்தார்கள்.

உலகம் அறிந்த சூஃப்ளே, முட்டையில் செய்யும் பண்டம். 18ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரி அந்துவான் கரேம் என்ற சமையல் மேதையின் கையில் பேர்பெற்றது. வேடிக்கை என்னவென்றால், இதை மட்டும் யாரும் வாய்வைத்து ஊதுவதில்லை.

மைதாவை வெண்ணெயில் வறுத்து, பால் விட்டுக் கெட்டியாகக் காய்ச்சி, மஞ்சள் கருவும் துருவிய சீஸும் சேர்ப்பார்கள். வெள்ளைக்கருவைத் தனியே அடிக்க வேண்டும். அதில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் புரதம். அடிக்க அடிக்க, சுருண்டு கிடக்கும் புரத இழைகள் அவிழ்ந்து, ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. மஞ்சள் கரு கொஞ்சம் கலந்தாலும் அதிலுள்ள கொழுப்பு இந்தப் பின்னலைக் கெடுத்துவிடும். பிரெஞ்சு சமையல்காரர்கள் தாமிரப் பாத்திரத்தில்தான் அடிப்போம் என்று அடம்பிடித்ததும் வீண் பிடிவாதமல்ல. தாமிரம் புரதத்தோடு சேர்ந்து நுரையை நிலைக்க வைக்கிறது என்று உணவு அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெகீயும் உடன் ஆய்ந்தவர்களும் 1984இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

நுரையைக் கலவையில் மெதுவாகப் புரட்டிச் சேர்த்து ஓவனில் வைக்கிறோம். காற்று சூடாகி விரிவதால்தான் சூஃப்ளே உப்புகிறது என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது போதாது. 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் காற்று கால் பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் விரியும். நல்ல சூஃப்ளேயோ அதைவிட நன்றாகவே எழும்பும். மீதி வேலையைச் செய்வது கலவையில் உள்ள தண்ணீர் கொடுக்கும் ஆவி. பூரியை உப்ப வைப்பதும் ஆவிதான். பூரியில் ஒரே அறை, சூஃப்ளேயில் கணக்கற்ற நுண்ணறைகள். பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ் அதனால்தான் கிண்ணத்தின் அடியில் நல்ல சூடு வேண்டும் என்கிறார். அடியில் பிறக்கும் ஆவி மேலே உள்ளதைத் தள்ளிக்கொண்டு வரும்.

வெளியே எடுத்ததும் ஆவி மறுபடி தண்ணீராகிறது, காற்றும் சுருங்குகிறது, சூஃப்ளே அமுங்குகிறது. அது சமைத்தவரின் குற்றமல்ல. நம் ஊர் ஹோட்டல்களில் அமுங்காத குளிர்ந்த சூஃப்ளே கிடைக்கிறதே என்றால், அது பெரும்பாலும் ஜெலட்டினால் உறைய வைத்தது; வேறு சாதி.

ஓவன் கதவை ஒரு கணம் திறந்துவிட்டோமே என்று பதறவும் வேண்டாம். அமுங்கியதைத் திரும்பச் சூடேற்றினால் மறுபடி எழும்பும், முதல் உயரத்துக்கு வராவிட்டாலும்.