தூக்கணாங்குருவி ஏற்றாத விளக்கு

தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் மின்மினியை ஒட்டி இரவில் விளக்கேற்றிக்கொள்ளும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். இதில் ஒரு பாதி கண்ணால் கண்ட உண்மை. திண்டுக்கல் சமவெளியின் பனைகளிலிருந்தும் கிணற்றுமேட்டு மரங்களிலிருந்தும் உதிரும் பழைய கூட்டைப் பிரித்துப் பார்த்தால், உட்சுவரில் காய்ந்த மண்ணோ சாணமோ ஒட்டியிருப்பதைக் காணலாம். கூட்டைத் திறந்து பார்த்தவர்கள்தான் இந்தக் கதையைத் தொடங்கியிருக்க முடியும். அவர்கள் பார்த்தது சரி. சொன்ன காரணம்தான் பொருந்தவில்லை. சோளத் தோகையையும் புல்லையும் நாராகக் கிழித்துவந்து ஆண் குருவி பின்னும் கூடு முடிய ஏறக்குறைய 18 நாள் ஆகும். தலைக்கவசம் போன்ற பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டு, அது சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து பார்த்து ஏற்றால்தான் நுழைவுக் குழாய் நீளும். இப்படி ஒரே ஆண் அடுத்தடுத்துக் கூடு கட்டிப் பல பெண்களோடு இணைவதை 1931இல் பறவையியலாளர் சாலிம் அலி விளக்கி எழுதினார். மண் பெரும்பாலும் அந்தப் பாதிக் கூட்டிலேயே ஏறிவிடுகிறது. முட்டையோ குஞ்சோ இல்லாத வெற்றுக் கூட்டுக்கு விளக்கு எதற்கு? பின்னால் அடைகாக்கும் பெண்ணும் இரவில் உறங்குகிறது. இரை ஊட்டுவது பகலில்தான். மண்ணில் சிக்கிச் செத்த மின்மினி நெடுநேரம் ஒளிராது.

அப்படியானால் மண் எதற்கு என்று கேட்பது நியாயம். ஆடிக் காற்றில் கூடு சுழலாமலிருக்க எடை என்பது ஒரு விளக்கம். சில கைப்பிடி நாரும் கொஞ்சம் மண்ணும் காற்றை எதிர்க்குமா என்ற மறுப்பு வலுவானதுதான். ஆனால் அடிப்பக்கம் திறந்த பாதிக் கூடு இலேசானது, அப்போது சிறு எடையும் உதவும் என்றே கருதுகிறேன். தென்மேற்குக் காற்றுக்கு மறைவாக மரத்தின் கிழக்குப் பக்கத்தில் கூடுகள் மிகுதியாகத் தொங்குவதும் இதற்கு ஒத்துப்போகிறது.

பெண் குருவி பின்னலின் நேர்த்தியைவிடக் கூடு தொங்கும் இடத்தையே கூடுதலாக எடைபோடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பனை போனால் குருவி வேலமரத்துக்கோ மின்கம்பிக்கோ மாறிக்கொள்ளும் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மாறிக்கொள்ளும், உண்மைதான், ஆனால் பாம்பும் கீரியும் எளிதில் எட்டாத ஓலை நுனி அங்கே கிடைக்காது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. கூடு தொங்கும் மாதங்களில் வெட்டக் கூடாது என்ற நிபந்தனையும் அந்த அனுமதியில் சேர வேண்டும்.