தலைசிறந்த கேட்சர் யார்?

பேஸ்பாலில் மட்டையாளருக்குப் பின்னால், முகக்கவசத்துடன் குந்தியிருப்பவர் கேட்சர். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கும் இடம்தான். பொறுப்பு அதைவிடப் பெரியது. அடுத்து எந்த வகைப் பந்தை வீசலாம் என்று விரல் சைகையால் பிட்சருக்குச் சொல்பவரும் இவரே. அதனால் மட்டைக் கணக்கை மட்டும் வைத்து இவர்களை அளந்துவிட முடியாது.

சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் ஜானி பெஞ்சைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். 1968 முதல் 1977 வரை ஆண்டுதோறும் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது, மொத்தம் 389 ஹோம் ரன்கள். நியூயார்க் யாங்கீஸின் யோகி பெரா, ஆட்டக்காரராக 10 உலகத் தொடர்களை வென்றவர். அதில் அவரை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை.

ஆனால் ஜாஷ் கிப்சனை விட்டுவிட்டு இந்த விவாதத்தை நடத்துவது நியாயமாகாது. கறுப்பினத்தவர் என்பதற்காகவே அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிகளுக்காக, கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்குகளில் ஆடினார். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அடுத்த மூன்று மாதங்களுக்குள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி அந்தத் தடையை உடைத்தார்.

2024இல் நீக்ரோ லீக் கணக்குகளும் மேஜர் லீக் பதிவேட்டில் சேர்ந்தன. கிப்சனின் வாழ்நாள் மட்டைச் சராசரி .372. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காபின் .367ஐ அது முந்தியது. மட்டை வலிமையில் கிப்சனுக்கு நிகரான கேட்சர் வேறு எவரும் இல்லை.